இடைச்செருகல்

கப்பலூர் சிட்கோ, மூன்றாம் தெரு.
பதினொன்றே முக்காலுக்கு
நயோபியக் குழாய் ஒன்று
வளைப்பு எந்திரத்தில் டக்கென்றது.
விரல் தடிமன். புத்தம் புதுசு.
வெண்ணெயாய் வளைய வேண்டியது
அப்பளமாய் விட்டுப்போனது.

சோலைமலை இரண்டு துண்டையும்
என் மேசையில் வைத்துவிட்டுக்
கையைத் துடைத்தபடியே நின்றான்.
"ஃபர்னஸ்ல ஏத்துனது நான்தாங்க மேடம்.
எம்பேரத்தான எழுதுவாங்க?"

உலோகம் வளையும்போது
மொத்தமாக எதுவும் நகர்வதில்லை.
மண்டபத்தில் விரித்த ஜமுக்காளத்தை
இரண்டடி தள்ளிப் போட
ஓரத்தில் ஒரு சுருக்கம் எழுப்பி
அதை மட்டும் காலால் ஓட்டிக்கொண்டு போவோமே,
அப்படி, அணு வரிசைக்குள் ஒரு சுருக்கம்.
பிறழ்வு என்று அதற்குப் பேர்.
பிறழ்வு ஓடும்வரை உலோகம் பணியும்.

அதை நிறுத்தப் பெரிய ஆள் வேண்டாம்.
ஆக்சிஜன், நைட்ரஜன், கொஞ்சம் கார்பன்.
யாருடைய இடத்தையும் பிடிக்காதவை.
திருமங்கலம் பஸ்ஸில்
சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே
பையோடு செருகிக்கொண்டு நிற்பவர்கள் மாதிரி;
பக்கத்து முழங்கால்கள்தான் ஒதுங்க வேண்டும்.
சுருக்கத்தின் அடியில் கொஞ்சம் காலாற இடமுண்டு.
தேடிப் போய் அங்கே ஒண்டிக்கொள்ளும்.
அப்புறம் கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினாலும்
அங்கிட்டும் இல்லை
இங்கிட்டும் இல்லை.

பழைய பாட்டுக்குள் யாரோ நுழைத்த வரிக்கும்
இதற்கும் தமிழில் ஒரே சொல்தான்.
பாட்டில் இருந்தால் பண்டிதர்கள்
நூறு வருஷம் சண்டை போடுவார்கள்.
குழாயில் இருந்தால்
ஒரு டக்.

இந்தக் குடும்பமே விசித்திரம்.
நெருப்புக்கு அஞ்சாது, காற்றுக்கு அஞ்சும்.
சித்திரை மத்தியானம், பைபாஸில் தார் இளகுகிறது,
டங்ஸ்டனுக்கு அது மார்கழி.
சில நூறு டிகிரியைப் போர்த்தினால்தான்
கைகாலை நீட்டும்.

இரண்டு மணிக்கு ரிப்போர்ட் வந்தது.
ஆக்சிஜன், பத்து லட்சத்தில் நாலாயிரம் பங்கு.
முந்நூறைத் தாண்டக் கூடாது.
உலைக் கதவின் ரப்பர் வளையத்தில்
மயிரிழை வெட்டு; டார்ச் அடித்துக் கண்டுபிடித்தோம்.
வெள்ளிக்கிழமைக் கசிவுச் சோதனை அட்டையில்
பச்சை மையில் ஒரு டிக்.
கீழே, ம. பொற்கிளி.
நான்.

சோதனைக்கு நாற்பது நிமிஷம் ஆகும்.
ஆறு பத்தை விட்டால்
அடுத்த பஸ் ஏழே காலுக்கு.

அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்.
மூன்று மணிக்கு அதில் தேதி எழுதினேன்.
நாலு மணிக்குத் தேதியை அடித்தேன்.

போன மாதம் வேறொரு துண்டை இழுத்துப் பார்த்தது
நினைவுக்கு வந்தது.
திரையில் கோடு ஏறியது, ஏறியது,
சட்டென்று சரிந்து
குறைந்த பளுவிலேயே துண்டு நீளத் தொடங்கியது.
ஒண்டியதிலிருந்து பிய்த்துக்கொள்ளத்தான்
அத்தனை பளு.
இறக்கிவிட்டு உடனே இழுத்தேன், அந்த முகடு இல்லை.
நூற்றைம்பது டிகிரி அடுப்பில்
ராத்திரி முழுக்க விட்டு இழுத்தேன்,
முகடு மறுபடி நின்றது.
இருட்டில் ஒவ்வொன்றாக நடந்து வந்து
பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

ராத்திரியாக விடக் கூடாது.

சோலைமலை லேத் பக்கம் குனிந்து
ஏற்கனவே பெருக்கிய தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.
முதலாளி அமானுல்லா அண்ணன்
மோரில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.
அட்டையை மேசையில் வைத்தேன்.
"அண்ணே" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான்.
மீதியெல்லாம் தானாக வந்தது,
அவர் டம்ளரை வைக்க மறந்ததும்,
வாசல்வரை வந்த விளக்குமாற்றுச் சத்தம் நின்றதும்.

ஹாரன் அடித்துக்கொண்டே
ஆறு பத்து
ரிங் ரோட்டில் திரும்பியது.